எலும்பு போன வழி, மண் நின்ற ஊர்

மெரினாவின் தென்கோடியில் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிச் சாந்தோம் நெடுஞ்சாலைக்குள் பேருந்து நுழைந்ததும், இடப்பக்கம் வெள்ளைக் கோபுரம் ஒன்று எழும். சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் கை நெற்றிக்குப் போகும். சிலுவை அடையாளம் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. கன்னத்தில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கபாலீசுவரர் கோயிலுக்கு நடக்கப்போகிறவர்களும் அவர்களில் இருப்பார்கள்.

அந்தப் பேராலயத்துக்குக் கோபுரம் ஒன்றல்ல, இரண்டு. உயரமானது சாலையில் போகிற எல்லோர் கண்ணிலும் படும். சற்றுச் சிறிய இன்னொன்று கட்டடத்தின் நடுப்பகுதியில் கூரைமேல் நிற்கிறது. அது அழகுக்காக வைத்ததில்லை. அதன் கீழேதான் கல்லறை இருக்கிறது. இந்த இடத்தில் ஒருவர் புதைக்கப்பட்டார் என்று வானத்தில் வைத்த குறி அது.

படியிறங்கிப் போனால் தரைக்கடியில் ஒரு சிற்றாலயம். பீடம், அதன்கீழே கண்ணாடிக்குப் பின்னால் படுத்த நிலையில் புனிதரின் திருவுருவம். அங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை. சிலர் மண்டியிட்டுக் கண்ணாடியில் உள்ளங்கையை வைக்கிறார்கள். சிலர் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். தேர்வு எண் எழுதிய சீட்டு, மருத்துவமனைக் காகிதம், பிள்ளையின் புகைப்படம் என்று கையில் எதையாவது வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

இத்தனை பேர் தேடிவரும் அந்தக் கல்லறையில் இன்று போற்றப்படுவது ஒரு சிறு எலும்புத் துணுக்கும் ஓர் ஈட்டிமுனையும். இயேசுவின் சீடர்களில் ஒருவரான புனித தோமையாரின் மற்ற எலும்புகள் எங்கே? அவை போன வழி நீண்டது. மெசபொத்தேமியா, ஈஜியன் கடலின் ஒரு தீவு, இத்தாலியின் கிழக்குக் கரை என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அலைந்த வழி அது. அந்த வழியைப் பின்தொடர்ந்தால்தான், எலும்பு போன பிறகும் ஓர் ஊர் எப்படி அந்த மனிதரின் பெயரைத் தாங்கி நின்றது என்பது விளங்கும்.

தொட்டுப் பார்க்கக் கேட்டவர்

தோமா என்பது அரமேய மொழியில் 'இரட்டையர்' என்று பொருள்படும் சொல். கிரேக்கத்தில் அதையே 'திதிம்' என்றார்கள். யோவான் நற்செய்தியைப் படித்தவர்களுக்கு அவரை வேறொரு காரணத்துக்காக நினைவிருக்கும். உயிர்த்தெழுந்தவரின் காயத்தில் என் விரலை விட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்று சொன்னவர் அவர். சொல்லிக் கேட்டது போதாது, கையால் தொட வேண்டும் என்று கேட்ட மனிதர். அவருடைய எலும்பின் கதை முழுக்கக் கைகள் வருவதும், தொடுதல் வருவதும் எனக்குத் தற்செயலாகப் படவில்லை. மக்கள் அவரிடம் தங்களையே கண்டுகொண்டார்கள்.

அவர் இந்தியாவுக்கு வந்த கதையை விரித்துச் சொல்லும் மிகப் பழைய நூல் 'தோமாவின் பணிகள்'. கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதெசா நகரை ஒட்டிச் சிரியாக் மொழியில் எழுந்தது. விவிலியத்தில் சேர்க்கப்படாத நூல். இந்தியாவுக்குப் போக மறுக்கும் தோமாவை, ஹப்பான் என்ற வணிகருக்குத் தச்சு வேலை தெரிந்த அடிமையாக இயேசுவே விற்றுவிடுவதாகக் கதை தொடங்கும். கொந்தபோரஸ் அரசன் மாளிகை கட்டக் கொடுத்த பணத்தைத் தோமா ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். இப்படி ஓர் அரசன் இருந்ததாகவே பல காலம் ஒருவரும் நம்பவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானிலும் பஞ்சாபிலும் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. அவன் முதல் நூற்றாண்டில் அந்த வடமேற்குப் பகுதியை ஆண்டவன் என்பது அதற்குப் பிறகு உறுதியாயிற்று.

கதையின் கடைசியில் தோமா மஸ்தாய் என்ற வேறோர் அரசனின் நாட்டுக்கு வருகிறார். அரசனின் ஆணைப்படி நான்கு வீரர்கள் அவரை ஊருக்கு வெளியே ஒரு மலைக்குக் கொண்டுபோய் ஈட்டியால் குத்திக் கொல்கிறார்கள். பழைய அரசர்களின் கல்லறையில் அவரை அடக்கம் செய்கிறார்கள். நூல் மயிலாப்பூர் என்று பெயர் சொல்லவில்லை. அந்த மலை நம் பரங்கிமலை, அந்தக் கல்லறை சாந்தோம் என்பது இந்த ஊரின் மரபும், கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் மரபும்.

அந்த நூலின் முடிவில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஆண்டுகள் பல கழித்து அரசனின் மகனுக்கு நோய் வருகிறது. திருத்தூதரின் எலும்பைக் கொண்டு மகனைத் தொட்டால் குணமாகும் என்று அரசன் கல்லறையைத் திறக்கிறான். உள்ளே எலும்பு இல்லை. அடியார்களில் ஒருவர் யாருக்கும் தெரியாமல் அதை எடுத்து மேற்கே கொண்டுபோய்விட்டார். அரசன் வெறுங்கையோடு திரும்பவில்லை. எலும்பு கிடந்த இடத்து மண்ணை அள்ளுகிறான். அதை மகனுக்கு அணிவிக்கிறான். பிள்ளை பிழைக்கிறான்.

இரட்டையர் என்று பெயர் பெற்றவரின் கதை அந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. எலும்பு ஒரு வழி போகிறது. மண் இருந்த இடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த எல்லா நூற்றாண்டுகளும் இந்த இரண்டில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டவைதான்.

எதெசாவில் ஒரு பேழை

எலும்பு போய்ச் சேர்ந்த எதெசா இன்று துருக்கியின் தென்கிழக்கில் இருக்கும் உர்ஃபா நகரம். சிரியாக் கிறிஸ்தவத்தின் தலைநகர் என்று சொல்லத்தக்க ஊர். அங்கே வாழ்ந்து 373-இல் மறைந்த புனித எபிரேம் பெரும் கவிஞர். இந்தியாவிலிருந்து ஒரு வணிகர் அந்த எலும்புகளைக் கொண்டுவந்தார் என்று அவர் பாடல்கள் சொல்கின்றன. ஒரு பாடலில் சாத்தானே வாய்விட்டுப் புலம்புகிறான்: நான் இந்தியாவில் கொல்லச் செய்தவன் எனக்கு முன்பே எதெசாவுக்கு வந்துவிட்டான், அங்கேயும் அவன் இருக்கிறான், இங்கேயும் இருக்கிறான் என்பது அந்தப் புலம்பலின் சாரம். அங்கும் இங்கும் என்ற எண்ணம் அப்போதே பிறந்துவிட்டது.

வணிகர் என்று சொன்னதில் வியப்பில்லை. மிளகும் முத்தும் மெல்லிய துணியும் ஏற்றிச் சென்ற மரக்கலங்கள் பருவக்காற்றைப் பிடித்துச் செங்கடலுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த மத்தியதரைக்கடல் நாட்டு மட்பாண்டங்கள் அந்தப் போக்குவரத்துக்குச் சாட்சி. சரக்கு போகிற வழியில் ஒரு சிறு பெட்டியும் போயிருக்கும்.

384-ஆம் ஆண்டை ஒட்டி எகேரியா என்ற பெண் மேற்கு ஐரோப்பாவிலிருந்து புனித நாடுகளுக்குப் பயணம் வந்தார். எதெசாவில் தோமையாரின் ஆலயத்தில் வேண்டிக்கொண்டதைத் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பத்தாண்டு கழித்து, 394-இல், புனிதரின் பேழையை அவருக்கென எழுப்பிய பெரிய கோயிலுக்கு மாற்றினார்கள் என்று அந்நகரின் ஆண்டுக்குறிப்பு பதிவு செய்கிறது. எழுநூற்றைம்பது ஆண்டுகள் அது அங்கே இருந்தது. பேரரசுகள் மாறின, மொழிகள் மாறின, பேழை நகரவில்லை.

1144 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள், மொசூல் ஆட்சியாளர் சங்கியின் படை எதெசாவைக் கைப்பற்றியது. மரபின்படி அந்தக் கலக்கத்தில் கிறிஸ்தவர்கள் எலும்புகளை எடுத்துக்கொண்டு மேற்கே தப்பினார்கள். கியோஸ் தீவில், மஸ்திக் பிசினுக்குப் பெயர்பெற்ற அந்த ஈஜியன் தீவில், புனிதருக்கு மறுபடி ஓர் இடம் கிடைத்தது. அடுத்த நூறாண்டுகளுக்கு அவர் தீவுக்காரர்.

அழைத்த கை

1258. வெனிஸும் ஜெனோவாவும் கீழைக் கடல்களில் மோதிக்கொண்டிருந்த காலம். அட்ரியாட்டிக் கரையில் உள்ள ஓர்த்தோனா என்ற சிற்றூரிலிருந்து மூன்று போர்க்கப்பல்கள் லியோனே அச்சாயுவோலியின் தலைமையில் கிழக்கே போயின. கியோஸில் இறங்கிய வீரர்கள் கொள்ளையில் இறங்கினார்கள். லியோனே தனியாக ஒரு கோயிலுக்குள் போய் வேண்டிக்கொண்டிருந்தபோது, ஒளியில் நனைந்த ஒரு கை அவரை அருகே அழைத்தது என்பது ஓர்த்தோனா மரபு. இரவில் திரும்பி வந்து, கல்லறை மூடியைத் தூக்கி, எலும்புகளை எடுத்துக்கொண்டார்கள். மூடியாக இருந்த கல்லையும் விடவில்லை. அந்தக் கல்லில் புனிதரின் உருவமும் கிரேக்க எழுத்தில் அவர் பெயரும் செதுக்கியிருக்கின்றன.

அந்த ஆண்டு செப்டம்பர் 6 அன்று கப்பல்கள் ஓர்த்தோனா வந்து சேர்ந்தன. மறு ஆண்டே கியோஸிலிருந்து சிறைப்பட்டு வந்தவர்களை விசாரித்து, இந்த எலும்புகள் யாருடையவை என்று உறுதிப்படுத்தி, பாரி நகரில் ஆவணம் எழுதினார்கள். கொள்ளையில் கிடைத்ததாக இருந்தாலும், அதற்கு ஒரு பத்திரம் வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

மீன்பிடிக்கும் அந்தச் சிற்றூர் அதற்குப் பிறகு தன் வாழ்வையே புனிதரைச் சுற்றி அமைத்துக்கொண்டது. 1566-இல் துருக்கியக் கடற்படை பியாலி பாஷாவின் தலைமையில் வந்திறங்கி ஊரைக் கொளுத்தியது. கோயில் எரிந்தது, கல் விரிசல் விட்டது, எலும்புகள் தப்பின. 1943 டிசம்பரில் இன்னும் பெரிய நெருப்பு வந்தது. ஜெர்மன் பாராசூட் படையும் கனடா நாட்டுப் படையும் ஓர்த்தோனாவில் தெருத்தெருவாக, வீடுவீடாக ஒரு வாரத்துக்கு மேல் சண்டையிட்டன. பேராலயத்தின் பாதி வெடிவைப்பில் சரிந்தது. அதே கிறிஸ்துமஸ் வாரம். எதெசா விழுந்து ஏறக்குறைய எண்ணூறு ஆண்டு கழித்து.

போர் முடிந்ததும் ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளோடு கோயிலையும் கட்டி எழுப்பினார்கள். இன்று அதன் கீழறைப் பீடத்தில், பொன்முலாம் பூசிய செப்புப் பேழையில் எலும்புகள் இருக்கின்றன. மே மாதத் தொடக்கத்தில் நடக்கும் மன்னிப்புப் பெருவிழாவில் பேழையின் வெள்ளிச் சாவிகளை ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். எலும்பின் பயணம் பெரும்பாலும் அங்கே முடிகிறது.

சிவந்த மண்

இப்போது கிழக்கே திரும்புவோம். எலும்பு போன பிறகு மயிலாப்பூரில் என்ன இருந்தது?

6-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுத் தூர் நகரின் ஆயர் கிரகோரி, இந்தியா போய்வந்த தெயதோர் என்பவர் சொன்னதை எழுதிவைத்தார். தோமாவின் உடல் முதலில் கிடந்த இடத்தில் ஒரு மடமும் பெரிய கோயிலும் இருக்கின்றன, அங்கே எண்ணெய் ஊற்றாமலே இரவும் பகலும் ஒரு விளக்கு எரிகிறது என்று. உடல் 'முதலில் கிடந்த' இடம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எலும்பு எதெசாவில் இருப்பது தெரிந்தவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். தெரிந்தும் விளக்கு அணையவில்லை.

1292-ஐ ஒட்டிச் சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் மார்க்கோ போலோ இந்தக் கரையைத் தொட்டார். மாபார் என்று அவர் குறித்த இந்தக் கரைநாட்டில் ஒரு சின்ன ஊர், ஆள் குறைவு, வாங்கிப்போக அதிகச் சரக்கில்லாததால் வணிகர் வரத்தும் அரிது. ஆனால் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் நெடுந்தொலைவிலிருந்து வேண்டுதலுக்கு வருகிறார்கள் என்று அவர் எழுதினார். வருகிறவர்கள் புனிதர் இறந்த இடத்து மண்ணை எடுத்துப்போகிறார்கள், அது சிவந்த மண், நீரில் கரைத்துக் காய்ச்சல்காரனுக்குக் கொடுத்தால் குணமாகிறது என்றும் எழுதினார்.

மஸ்தாய் அரசன் அள்ளிய அதே மண். ஆயிரம் ஆண்டுக்கு முன் எதெசாவில் எழுதிய கதையை மயிலாப்பூர்க் கரையில் காய்ச்சலோடு வந்தவன் படித்திருக்க மாட்டான். அவன் செய்தது நம் ஊர்களில் எல்லோரும் செய்கிற காரியம். கோயிலுக்குப் போனால் திருநீறு மடித்து வருகிறோம். தர்காவில் கயிறு கட்டிக்கொள்கிறோம். நாகூரிலிருந்தும் வேளாங்கண்ணியிலிருந்தும் பாட்டிலில் எண்ணெய் வீட்டுக்கு வருகிறது. புனிதம் நின்ற இடத்தில் ஒரு சிட்டிகை கைக்கு வர வேண்டும் என்பது இந்த மண்ணின் பழக்கம்.

மார்க்கோ போலோ இன்னொன்றும் கேட்டு எழுதினார். இந்த ஊரார் சொன்ன கதையில் புனிதரைக் கொன்றது அரசனின் ஈட்டி அல்ல. தோப்பில் அவர் வேண்டிக்கொண்டிருந்தபோது சுற்றிலும் மயில்கள் மேய்ந்தன. மயிலைக் குறிவைத்த வேடன் ஒருவனின் அம்பு தவறி அவர் விலாவில் பாய்ந்தது. இதைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். அம்பிகை மயிலுருவில் சிவனைப் பூசித்த ஊர், மயில் ஆர்ப்பதால் மயிலாப்பூர் என்று பெயர் சொல்லும் ஊர், தொலைநாட்டுப் புனிதரின் மரணத்துக்கும் தன் மயிலையே சாட்சியாக வைத்திருக்கிறது. வந்தவரை ஊர் ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

இங்கே ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். மார்க்கோ போலோ வெனிஸ் நகரத்தவர். வெனிஸ் இருப்பது அட்ரியாட்டிக் கரையில். அவர் மயிலாப்பூர் வந்தபோது, புனிதரின் எலும்புகள் அதே அட்ரியாட்டிக் கரையின் ஓர்த்தோனாவுக்கு வந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவரோ, புனிதரின் உடல் மாபாரில் கிடக்கிறது என்றே எழுதினார். தன் வீட்டுக் கடலில் இருந்த எலும்பை அவர் அறியவில்லை. மயிலாப்பூரில் மக்கள் அள்ளிய மண்ணைக் கண்ணால் பார்த்தார். பார்த்ததைத்தான் உலகுக்குச் சொன்னார்.

குழியில் இருந்த கலம்

1517-இல் ஆர்மீனிய வணிகர்கள் வழிகாட்டப் போர்த்துக்கீசியர் சிலர் இங்கே வந்தார்கள். ஆர்மீனியர்களுக்கு இது அறிந்த இடம். போர்த்துக்கீசியருக்குக் கேள்விப்பட்ட இடம். அவர்கள் கண்டது இடிந்த ஒரு கோயில். 1523-இல் அதைச் செப்பனிடும்போது கல்லறையைத் தோண்டினார்கள். செங்கல்லும் மண்ணுமாக அடுக்குகளைக் கடந்து ஆழத்தில் வெள்ளை வெளேரென்று சில எலும்புகள், ஓர் ஈட்டிமுனை, காலடியில் ஒரு மண்கலம். கலத்துக்குள் இருந்ததும் மண்தான்.

தோண்டியவர்களில் ஒருவரான தியோகோ பெர்னாந்திஸ் பத்தாண்டு கழித்து, 1533 விசாரணையில், இதையெல்லாம் சாட்சியாகச் சொன்னார். போர்த்துக்கீசியருக்கு எலும்பும் ஈட்டியும் பெரிதாகத் தெரிந்தன. அந்த எலும்புகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். எனக்கு அந்தக் கலத்தின்மேல்தான் கண் போகிறது.

காரணம், எலும்பும் குடமும் மயிலாப்பூருக்குப் புதிதல்ல. சிவநேசச் செட்டியாரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்தாள். தகப்பன் அவள் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் வைத்துக் காத்தார். திருஞானசம்பந்தர் வந்து, இந்த ஊரின் திருவிழாக்களை எல்லாம் காணாமலே போவாயோ என்று கேட்டுப் பாடப் பாட, குடம் உடைந்து பெண் எழுந்தாள் என்று பெரியபுராணம் சொல்கிறது. பங்குனி அறுபத்து மூவர் விழாவில் அந்தக் காட்சியை இன்றும் குளக்கரையில் நடத்துகிறார்கள். எஞ்சிய ஒரு பிடிக்குள் முழு மனிதரும் இருக்கிறார் என்று நம்பிய ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கல்லறைக்குள்ளும் மண் நிறைந்த கலம் கிடைத்தது.

மதில் எழுந்தது, மதில் விழுந்தது

கல்லறைமேல் போர்த்துக்கீசியர் கோயில் கட்டினார்கள். கோயிலைச் சுற்றி வீடுகள், கிடங்குகள், மடங்கள், பிறகு மதில். அந்த ஊருக்கு அவர்கள் இட்ட பெயர் சாவோ தொமே தெ மெலியாப்பூர். சோழமண்டலத்தின் சாயத்துணி இங்கிருந்து கப்பலேறி மலாக்கா போயிற்று. 1545-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் நான்கு மாதம் இங்கே தங்கி, கல்லறையில் வேண்டிக்கொண்டு, அதே கடல்வழியில் மலாக்காவுக்குப் புறப்பட்டார். கீழ்த்திசை நாடுகளில் அவர் செய்த பெரும் பயணம் தீர்மானமானது இந்தக் குழியருகேதான். 1547-இல் பரங்கிமலையில் பாரசீகத்துப் பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை கிடைத்தது. போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூறாண்டு முன்பே இங்கே கிறிஸ்தவர் வேண்டிக்கொண்டதற்குக் கல்லில் எழுதிய சாட்சி அது. 1606-இல் சாந்தோம் தனி மறைமாவட்டம் ஆயிற்று.

அதே போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்கக் கடலில் ஒரு தீவுக்கும் சாவோ தொமே என்று பெயரிட்டார்கள். அந்தத் தீவைக் கண்ட நாள் டிசம்பர் 21, அன்றைய நாட்காட்டியில் தோமையார் திருநாள் என்பதுதான் காரணம் என்பார்கள். அந்தத் தீவுக்குப் பெயர் தந்தது நாள். நம் ஊருக்குப் பெயர் தந்தது இடம்.

1639-இல் வடக்கே சில கல் தொலைவில் ஆங்கிலேயர் ஒரு மணல்திட்டை வாங்கிக் கோட்டை எழுப்பத் தொடங்கியபோது, சாந்தோம் நூறு வயதைத் தாண்டிய நகரம். பிறகு காலம் திரும்பியது. 1662-இல் கோல்கொண்டா சுல்தானின் படை அதைப் பிடித்தது. 1672-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். இரண்டாண்டு முற்றுகைக்குப் பின் 1674-இல் டச்சுக்காரரும் கோல்கொண்டாவும் சேர்ந்து மீட்டார்கள். இனி யாரும் இதைக் கோட்டையாக்கக் கூடாது என்று மதிலை இடித்துத் தள்ளினார்கள். 1749-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்களுடைய சென்னப்பட்டணம் வளர்ந்து, தன்னைவிட மூத்த நகரத்தைத் தன் பேட்டைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

துறைமுகம் போயிற்று, வணிகம் போயிற்று, மதிலின் ஒரு கல்கூட நிற்கவில்லை. குழி மட்டும் போகவில்லை. பழைய கோயில் தளர்ந்ததும், ஆயர் ரீத் த சில்வா அதை எடுத்துவிட்டு 1893-இல் புதுக் கோயில் எழுப்பத் தொடங்கினார். 1896-இல் நேர்ந்தளிக்கப்பட்ட இன்றைய வெள்ளைக் கோயில் அதுதான். கட்டியவர்கள் கல்லறையை ஓரத்தில் ஒதுக்கவில்லை. கோயிலின் நடுவில் வைத்து, அதன்மேல் இரண்டாம் கோபுரத்தை நிறுத்தினார்கள். 1956-இல் அது பசிலிக்கா ஆயிற்று.

கோயிலுக்குப் பின்னால், கடலை நோக்கிய பக்கத்தில், தோமையார் நட்டதாகச் சொல்லும் ஒரு கம்பம் இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டிக் கடல் வராது என்பது கரையோரக் குப்பத்து மக்களின் பழைய நம்பிக்கை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் ஏறி வந்தபோது உயிர் பிழைக்க ஓடியவர்கள் இந்தக் கோயிலில் ஒதுங்கினார்கள். எந்த வீட்டுப் பிள்ளை என்று அன்று யாரும் கேட்கவில்லை. வலையும் படகும் இழந்து அந்த வளாகத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கம்பம் என்பது கதையாக மட்டும் இருந்திருக்காது.

திரும்பி வந்த கை

எலும்பு இந்தியாவுக்குத் திரும்பிய நாளும் உண்டு. தோமையார் கேரளக் கரையில் இறங்கியதாக மரபு சொல்வது கி.பி. 52. அதன் 1,900-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1953 டிசம்பரில் கர்தினால் யூஜின் திசரான் ஓர்த்தோனாவிலிருந்து வலக்கை எலும்பைக் கொடுங்கல்லூருக்குக் கொண்டுவந்தார். அழிக்கோட்டில் பெரியாறு கடலில் கலக்கும் இடத்தருகே அது வைக்கப்பட்டிருக்கிறது. காயத்தைத் தொட நீண்ட கை அது என்று நம்பி மக்கள் அதன்முன் நிற்கிறார்கள்.

சாந்தோமில் ஆண்டுத் திருவிழா ஜூலை 3. முன்பு உரோமை நாட்காட்டியில் டிசம்பர் 21 ஆக இருந்த திருநாளை 1969 சீரமைப்பில் ஜூலை 3-க்கு மாற்றினார்கள். சிரியாக் திருச்சபைகள் பழங்காலம் தொட்டுக் கொண்டாடிவரும் நாள் அது. அவர்கள் அந்த நாளைத் தேர்ந்ததற்குக் காரணம், எலும்புகள் எதெசாவுக்கு வந்து சேர்ந்த நாள் அது என்ற நினைவு. எலும்பு தன்னை விட்டுப் போய் வேறோர் ஊர் சேர்ந்த நாளையே சாந்தோம் இன்று கொடியேற்றிக் கொண்டாடுகிறது. இழந்ததை நினைத்து அழும் விழாவாக அது இல்லை. கொடுத்தவர் வீட்டு விழாவாக இருக்கிறது.

எலும்பைக் கொண்டுபோனவர்கள் அதைப் பேழையில் வைத்துப் பூட்டிக் காத்தார்கள். அது தேவைப்பட்டது; இல்லையென்றால் இத்தனை படையெடுப்பில் எஞ்சியிருக்காது. மண்ணுக்குப் பூட்டு கிடையாது. அதை எவன் வேண்டுமானாலும் அள்ளலாம். காய்ச்சல் கண்ட பிள்ளையின் தாய், மதம் கேட்காமல், ஒரு பிடி எடுத்துப் போகலாம். எடுக்க எடுக்கக் குறையாத ஒன்று ஊருக்குள் இருந்ததால்தான் மதில் விழுந்த பிறகும் பெயர் விழவில்லை.

அந்தப் பெயரும் ஒரு பயணி. அரமேயர் வாயில் தோமா. கிரேக்கர், இலத்தீனர் வழியே போர்த்துகல் போய்த் தொமே. அங்கிருந்து கப்பலேறி வங்கக்கடல் கரைக்கு வந்து, மீனவர் வாயிலும் துணி வணிகர் வாயிலும் உருண்டு சாந்தோம். எலும்பு மேற்கே போன வழியில் பெயர் கிழக்கே திரும்பி வந்திருக்கிறது.

மாலையில் கல்லறையிலிருந்து மேலே வந்து, சாலையைக் கடந்து நிறுத்தத்தில் நின்றேன். பேருந்து வந்து நின்றது. படியில் தொங்கிய நடத்துநர், "சாந்தோம்... சாந்தோம் இறங்குறவங்க வாங்க" என்று குரல் கொடுத்தார். கூடையோடு ஒரு மீன்காரம்மா இறங்கினார், பள்ளிப் பை மாட்டிய இரண்டு பிள்ளைகள் இறங்கினார்கள், கையில் எக்ஸ்ரே உறையை வைத்திருந்த ஒரு பெரியவர் இறங்கினார். அந்தப் பெரியவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார்.